எண்ணூற்று எழுபதாவது அடி

தூக்கம் கண்ணிலிருந்து வருகிறது என்று பொதுமக்கள் நெடுங்காலமாக நம்பி வருகிறார்கள். இது தவறு என்பதை மிகுந்த வருத்தத்தோடும், எவர் மனத்தையும் புண்படுத்தும் நோக்கம் இல்லாமலும் இங்கே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. கண் வெறும் கதவு. கதவைச் சாத்தியதாலேயே விருந்தாளி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட மாட்டார். தூக்கம் மூளையில் உற்பத்தியாகிறது என்று சொல்லும் படித்தவர்களும், உழைக்கிறவனுக்கு அது தானாக வரும் என்று சொல்லும் உழைக்காதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தவறானவர்கள். தூக்கம் இருப்பது தரைக்குக் கீழே எண்ணூற்று எழுபதாவது அடியில், கருங்கல் முடிந்து வெள்ளைக்கல் தொடங்கும் இடத்தில் உள்ள ஒரு சாண் இடுக்கில். கரட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு மட்டும் இது தெரிந்துபோனதற்குக் காரணம் அவர்களுடைய அறிவல்ல; மற்ற ஊர்க்காரர்கள் எண்ணூறு அடியிலேயே மனம் விட்டுப்போய் ரிக் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

கரட்டுப்பாளையம் தறிக்காரத் தெருவில், சம்பூரணத்துக்கு அவளுடைய அப்பா எழுதிக்கொடுத்த மூன்று சென்ட் இடத்தின் புழக்கடையில், ஒரு சித்திரை மாதம் தண்ணீருக்காகத்தான் போர் போட்டார்கள். இரண்டு நாள் கல்லும் புகையுமாகப் போய்க்கொண்டிருந்த பைப்பு, மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஒரு சாண் தானாக இறங்கியது, தண்ணீர் வரவில்லை, அதற்குப் பதிலாக, துவைத்து வெயிலில் காய்ந்து மடித்துவைத்த வேட்டியின் வாசனையோடு குளிர்ந்த மூச்சு ஒன்று மேலே வந்தது. முதலில் ரிக் வண்டி டிரைவர் ஸ்டியரிங்கில் சாய்ந்தார், பிறகு கம்பி பிடித்திருந்த ஆட்கள் கம்பியைப் பிடித்தபடியே உட்கார்ந்தார்கள், பிறகு கோழிகள், பிறகு வேடிக்கை பார்க்கச் சோற்றுத்தட்டோடு வந்த பக்கத்து வீட்டு அருக்காணி. மறுநாள் மதியம் எல்லாரும் எழுந்தார்கள். டிரைவர் தன்னுடைய பதினோரு வருட இடுப்புவலி போய்விட்டது என்று தகவலாகச் சொல்லிவிட்டு, பைப்புகளைக் கழற்றி வண்டியில் அடுக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார்.

இது எப்படி நடந்தது என்று தெருவில் யாரும் கேட்கவில்லை. போர் போட்ட வீட்டில் ஊற்றின் அளவைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான், அதைத்தான் கேட்டார்கள்: "எத்தன இஞ்சு வருது?"

அந்தத் தெருவில் இருபத்தெட்டு வீடு, முந்நூறு விசைத்தறி. பகல் ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று மாறி மாறித் தறி ஓடிக்கொண்டே இருந்ததால், அங்கே பிறந்த குழந்தைகள்கூடத் தாலாட்டுக்குப் பதிலாக அந்தச் சத்தத்திலேயே கண்ணசந்து அந்தச் சத்தத்திலேயே விழித்தன. தூக்கம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டதெல்லாம் பஸ்ஸில் நின்றபடி கண்ணை மூடுவது போன்ற ஒன்றுதான். அப்படிப்பட்டவர்களிடம் தூக்கம் வந்து சேர்ந்ததும், அவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில் அதை நடத்தினார்கள். தண்ணீரைப் பங்கிட்டுப் பழகிய தெரு அது. அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. கோயில் வரி வசூலிக்கும் ராக்கியண்ணனைத் தலைவராகப் போட்டது. போரின் வாயில் ஒரு கேட் வால்வு மாட்டியது. நாளைக்கு நான்கு வீடு, வாரத்துக்கு இருபத்தெட்டு வீடு, வீட்டுக்கு இரண்டு குடம் என்று முறை எழுதியது. குடத்தைப் பிடித்து வாயைத் துணியால் கட்டிக் கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்து அவிழ்த்தால் போதும், எத்தனை தறி ஓடினாலும் விடியும்வரை ஆள் அசைவதில்லை. காலையில் திரும்பக் கட்டிவைத்தால் ஒரு குடம் வாரம் முழுக்க வரும். குடம் கனக்காது, குலுக்கினால் சத்தம் வராது, உள்ளே எட்டிப்பார்த்தால் குடத்தின் அடிப்பக்கம் தெரியும். தூங்கினால்தான் அதில் தூக்கம் இருந்தது என்று தெரியும்.

வால்வைத் திறந்து மூடும் பொறுப்பு சம்பூரணத்தின் கணவன் செங்கோடனிடம் கொடுக்கப்பட்டது. அவன் தறிப்பட்டறையில் தறிகளைப் பழுதுபார்க்கும் பிட்டர். நாணயஸ்தன் என்று பெயர் எடுத்தவன். கடிகாரம் பார்த்துத் திறந்து கடிகாரம் பார்த்து மூடினான்.

ஆறு மாதத்தில் தெரு மாறிப்போனது. பெண்களின் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு போயிற்று. நெய்த துணியில் இழை விட்டுப்போவது குறைந்தது. டீக்கடைக்காரர் கடையைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றிக்கொண்டார். பதினைந்து வருடமாக எல்லைக்கல் தகராறு இருந்தும் சண்டை போட அலுப்பாக இருந்த அண்ணன் தம்பி இருவர், நன்றாகத் தூங்கி எழுந்து, தெளிந்த முகத்தோடு கோர்ட்டுக்குப் போனார்கள். நன்மை என்று வந்தால் எல்லாப் பக்கமும்தான் வரும்.

சம்பூரணத்துக்கு மட்டும் தூக்கம் வரவில்லை.

அவர்கள் வீட்டு முறை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. அவளே தன் கையால் இரண்டு குடத்தையும் பிடிப்பாள், ஒன்றைக் கணவனின் தலைமாட்டில் வைப்பாள், ஒன்றைத் தன் தலைமாட்டில் வைப்பாள். அவன் படுத்த நிமிடத்தில் குறட்டை விடுவான். அவள் கூரையின் ஓடுகளை எண்ணிக்கொண்டு கிடப்பாள். ஒரே போர், ஒரே நேரம், ஒரே கடையில் வாங்கிய குடம். ஒருவன் தூங்குகிறான், ஒருத்தி தூங்கவில்லை என்றால் குறை எங்கே இருக்கும் என்று தெருவுக்குத் தெரியாதா? இத்தனைக்கும் எட்டுத் தறி பார்க்கிறவள் அவள். பாவில் ஓடும் இழை அவளுக்கு இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் ஓடும் தறிக்குள் கையை விட்டுவிட்டு, இழையோடு குறுக்கே பாயும் நாடாக்கட்டை மணிக்கட்டைத் தட்டிய பிறகுதான் தன் கை அங்கே இருப்பதைக் கவனித்தாள். விரல் போவதற்கு முன்னால் ஒரே ஒரு முழுத் தூக்கம் வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு ஆசை இல்லாமல் போயிற்று.

"தெக்கால தலைய வெச்சுப் படு அக்கா," என்றாள் அருக்காணி.

"வெச்சாச்சு."

"பால்ல ஜாதிக்கா?"

"குடிச்சு நாக்கே தடிச்சுப் போச்சு."

"கசகசா, வெளக்கெண்ண, உள்ளங்கால்ல தேய்க்கிறது?"

"தேய்ச்சு, வழுக்கி உழுந்ததுதான் மிச்சம். டீய நிறுத்திட்டேன், செல்போன அரிசி டப்பாவுக்குள்ள போட்டு வெச்சிருக்கேன், சனிக்கெழம எண்ண தேய்ச்சுக் குளிக்கறேன். இன்னும் என்னத்த அருக்காணி பண்றது?"

அருக்காணி ஒரு பாக்கை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தாள். அவள் நல்ல சிநேகிதி. ஆனாலும் நன்றாகத் தூங்குகிறவள். "கோவிச்சுக்காதக்கா. எல்லாருக்கும் வருது, உனக்கு மட்டும் வல்லைன்னா, மனசுக்குள்ள ஏதாச்சும் கெடந்து உறுத்துதோ என்னமோ. நா சொல்லல, தெருவுல பேசிக்கிறாங்க."

சம்பூரணம் கோபித்துக்கொள்ளவில்லை. கோபப்படுவதற்குக்கூட உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவள் அதை நம்பினாள். நம்பி, தன் நாற்பத்து நான்கு வருட வாழ்க்கையை ஒரு மூட்டையைக் கவிழ்ப்பது போலக் கவிழ்த்துப்போட்டுத் தேடினாள். பதினான்கு வருடத்துக்கு முன் சீருக்குப் போன வீட்டில் கைமாறி வந்துவிட்ட பித்தளைச் சொம்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்த் திருப்பிக் கொடுத்தாள்; வாங்கிக்கொண்டவர்களுக்கு அது தங்களுடையது என்பதே தெரியவில்லை. பட்டறை நூலைத் திருடியதாகத் தான் கோள் சொன்ன ஒரு பெண்ணைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டாள். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினாள். செங்கோடன் எல்லாவற்றுக்கும் கூடவே வந்தான். ஒவ்வொரு காலையும் எழுந்து, சோம்பல் முறித்து, அவளைப் பார்த்து, "நேத்தும் தூங்கலியா? பாவம்," என்று சொன்னான்; அதில் உண்மையான இரக்கம் இருந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

தேடித் தேடி, கடைசியில் அடியில் கிடந்த ஒன்று அவள் கைக்குக் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை அவனிடம் சொன்னாள்.

"அத்த படுக்கையில கெடந்தாங்களே, கடைசி மாசம். ஒரு நாளு தண்ணி கேட்டாங்க. மூணு தடவ கூப்பிட்டாங்க. எனக்குக் கேட்டுச்சுங்க. எந்திரிக்க முடியல, அத்தன அசதி. தூங்கற மாதிரியே கெடந்துட்டேன்."

 செங்கோடன் அவள் தலையில் கையை வைத்தான். "அதுதான் பாரு," என்றான். "எங்கம்மாதான் உன்ற தூக்கத்தப் புடிச்சு வெச்சிருக்குது. போனாப் போகுது, நா மன்னிச்சுட்டேன்."

அவன் காலைத் தொட்டு அவள் அழுதாள். அன்றைக்கும் தூக்கம் வரவில்லை. இறந்தவள் மன்னிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டாள். அதிலிருந்து தினமும் மாமியார் படத்துக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள். இப்படியே, போர் போட்டு இரண்டு வருடம் ஆயிற்று.

அடுத்த வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முறை முடிந்து செங்கோடன் கறி எடுக்கக் கடைக்குப் போயிருந்த நேரம், மிளகாய் காயப்போடப் புழக்கடைக்கு வந்த சம்பூரணம் கோழிகள் தூங்குவதைப் பார்த்தாள். பகல் பதினொரு மணி. ஏழு கோழிகள், அலகைத் தரையில் குத்தியபடி, போருக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையில் வரிசையாகக் கிடந்தன. நடுவே ஒரு அணில். அணிலுக்கு அந்தப்பக்கம் அரிசிக் குருணையைத் தூக்கிய வாக்கிலேயே நின்றுவிட்ட எறும்புச்சாரி. வேறு யாராக இருந்தாலும் வெயில் என்று நினைத்து மிளகாயைக் கொட்டியிருப்பார்கள். ஆனால் சம்பூரணம் இருபத்தைந்து வருடம் தறியில் நின்றவள். எங்கேயாவது ஒன்று நேர்கோட்டில் இருந்தால், அதற்குக் கீழே யாரோ ஒருவர் இழை ஓட்டியிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

மண்வெட்டியை எடுத்துக் கோழிகளை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு வெட்டினாள். ஒரு சாண் ஆழத்தில் பச்சை ஓஸ் பைப்பு ஒன்று இருந்தது. ஒரு முனை போரின் வாயில் இறக்கிய கேசிங் பைப்பில், வால்வுக்கும் கீழே, ஒரு சின்னத் திருகுக் குழாயோடு சேர்ந்திருந்தது. மறுமுனை சுவரைத் துளைத்து உள்ளே போனது. சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றிப் போட்ட இணைப்பு ஒன்றில் மயிரிழை அளவுக்கு வெடிப்பு. அவள் வீட்டுக்குள் ஓடிப்போய்க் கணவனின் கட்டிலுக்குக் கீழே குனிந்தாள். அங்கே பழைய டிராக்டர் டியூப் ஒன்று, சினை எருமை போல ஊதிப் பெருத்துக் கிடந்தது. தலைமாட்டுப் பக்கம் அதற்கும் ஒரு குழாய்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அந்தத் திருகுக் குழாயைத் திறந்தால், மேலே வர வேண்டியதெல்லாம் ஓஸ் வழியாக டியூப்புக்குப் போய்விடும். அவள் துணி கட்டிப் பத்திரமாகத் தூக்கி வந்ததெல்லாம் இரண்டு குடம் வெறும் காற்று.

திரும்பவும் புழக்கடைக்கு வந்து வெடிப்பின் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து கசிந்த மூச்சு முகத்தில் பட்டது. சம்பூரணத்துக்கு ஒரு கொட்டாவி வந்தது. இரண்டு வருடத்தில் முதல் கொட்டாவி. தாடை வலிக்கும் அளவுக்கு, கண்ணில் தண்ணீர் முட்டும் அளவுக்கு, நிறைவான கொட்டாவி. தனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை அது அவளுக்குச் சொல்லிற்று. அவள் எழுந்து எட்டத் தள்ளி நின்றுகொண்டாள்.

செங்கோடன் கறிப்பையோடு வந்தான். வெட்டிய மண்ணைப் பார்த்தான், ஓஸைப் பார்த்தான், கோழிகளைப் பார்த்தான். குனிந்து இணைப்பைத் தடவினான்.

"லீக்காயிருக்குதா," என்றான்.

"எத்தன நாளாங்க?"

"மொத வாரத்துலருந்தே. இங்க பாரு புள்ள, ஊரு பங்குல நா ஒரு மூச்சு தொட்டதில்ல. நம்ம முறைக்கு மட்டுந்தான் தொறப்பேன். வேணும்னா ராக்கியண்ணங்கிட்டக் கேளு, ஒரு வீட்டுக்காச்சும் கொறஞ்சுதான்னு."

"நம்ம முறைல என்ற பங்கு?"

"உனக்குத்தான் தூக்கமே வரதில்லையே. எதுக்கு வீணா?" என்றான் செங்கோடன். இந்த வாக்கியத்தில் எது காரணம், எது விளைவு என்பது இடம் மாறியிருப்பதை அவன் கவனிக்கவில்லை. இரண்டு வருடமாகத் தனக்குத் தானே சொல்லிச் சொல்லி, அது அவனுக்கு வழவழப்பாகியிருந்தது.

"ஓசு கெடக்கட்டுங்க," என்றாள் சம்பூரணம். "அத்த தண்ணி கேட்டதச் சொன்னேனே அன்னிக்கு. இந்த ஓசத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டேதான நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"நாந்தான் மன்னிச்சுட்டேன்னு சொன்னனே."

"அதத்தானுங்க கேக்கறேன்."

 கறிப்பை இன்னும் அவன் கையில் இருந்தது.

மூன்று மணிக்குக் கமிட்டி கூடியது. நன்றாகத் தூங்கியவர்கள் கூடிய சபை என்பதால் கூச்சல் இல்லை, ஆத்திரம் இல்லை. எல்லாரும் பொறுமையாக, நிதானமாக, ஒருவர் பேச மற்றவர் விட்டுக் கேட்டார்கள். ஓஸை வெளியே எடுத்துக் கைமாற்றிப் பார்த்தார்கள். ஒரு விரிசல் தவிர மற்ற ஜாயிண்ட்டெல்லாம் சுத்தமாகப் போட்டிருக்கிறான் என்று தறிக்காரர் ஒருவர் சொன்னார், அது உண்மைதான் என்று மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோழிகள் வரிசையாகக் கிடந்ததைத் தாங்களும் பார்த்ததாக மூன்று வீட்டுக்காரர்கள் சொன்னார்கள்.

"பாத்துட்டு ஏனுங்க சொல்லல?" என்றாள் சம்பூரணம்.

"அடுத்தவங்க புழக்கடைல என்ன கெடந்தா நமக்கென்னம்மிணி," என்றார் ஒருவர். அருக்காணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராக்கியண்ணன் முறை நோட்டைப் பிரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அம்மிணி, நீ சொல்றது வருத்தமாத்தான் இருக்குது. ஆனா முறைங்கறது ஆளுக்கில்ல, வீட்டுக்கு. கோயில் வரி எப்படியோ அப்படி. ஒரு அடுப்பு எரிஞ்சா ஒரு வீடு. உங்க வீட்டு ரெண்டு கொடமும் உங்க வீட்டுக்குத்தான் போயிருக்குது. வாசப்படிக்கு உள்ள யாரு தூங்கினா, யாரு முழிச்சிருந்தான்னு கமிட்டி கேக்க முடியாது. செங்கோடன் தப்புப் பண்ணலைன்னு நா சொல்லல. நோட்டுல தப்பில்ல."

எல்லாரும் தலையாட்டினார்கள். இருபத்தேழு வீட்டின் தலைகள். அதில் ஒன்றுகூடத் தூக்கக் கலக்கத்தில் ஆடவில்லை.

"ஒரு அடுப்பு எரிஞ்சா ஒரு வீடுங்களா?" என்று மட்டும் கேட்டாள் சம்பூரணம்.

"எங்கப்பன் காலத்துலருந்து அப்படித்தான்."

அவள் வீட்டுக்குள் போகவில்லை. புழக்கடையில் போருக்குப் பக்கத்தில் மூன்று ஹாலோ பிளாக் கல்லைக் கூட்டினாள், அருக்காணி வீட்டு விறகில் நாலு குச்சி கேட்டு வாங்கினாள், உலை வைத்தாள். போரைச் சுற்றி நான்கு கம்பு நட்டுத் தறிக்கழிவுத் துணியைக் கட்டி நிழலாக்கிக்கொண்டாள். திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று வேளையும் அந்த அடுப்பு எரிந்தது. இரண்டு நாளில் இறங்கிவருவாள் என்றது தெரு. செங்கோடனும் அப்படியே நினைத்து, அதுவரை மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டான். வால்வின் கைப்பிடியைக் கமிட்டி அவனிடமிருந்து வாங்கவில்லை. சம்பூரணம்தான் அதைக் கழற்றித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள், இடம் அவள் பெயரில் இருந்ததால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் கடிகாரம் பார்த்துத் திறந்து கடிகாரம் பார்த்து மூடினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ராக்கியண்ணன் நோட்டோடு வந்தார்.

"அடுப்பு ஏழு நாளா எரியுதுங்க. எழுதிக்கங்க," என்றாள் சம்பூரணம்.

அவர் குனிந்து கல்லின் மேல் கையை வைத்துப் பார்த்து, சுட்டுக்கொண்டு, எழுதினார். வரி வசூலிக்கிற மனிதர் ஆதலால், ஒன்றைச் சரிபார்த்தால் மற்றதையும் சரிபார்க்காமல் அவருக்கு நிம்மதி இல்லை. வீட்டுக்குள் போய்ச் சமையலறை அடுப்பைத் தொட்டார். ஜில்லென்று இருந்தது. கேஸ் சிலிண்டரின் மேல் பல்லி ஒன்று முட்டை வைத்திருந்தது. செங்கோடன் மெஸ்ஸிலிருந்து வாங்கிவந்த இட்லிப் பொட்டலத்தோடு வாசலில் நின்று அவரைப் பார்த்தான்.

"ஏப்பா, ஒரு காப்பித்தண்ணியாச்சும் வெச்சிருக்கக்கூடாதா," என்று ராக்கியண்ணன் உண்மையான வருத்தத்தோடு சொல்லிவிட்டு, நோட்டில் செங்கோடன் பெயரை அடித்தார். எனவே தெருவில் வீடு அதே இருபத்தெட்டுதான். முறையில் எந்த மாற்றமும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

பத்து மணிக்குச் சம்பூரணம் தன் குடத்தைப் பிடித்தாள். கோரைப்பாயை விரித்துத் தலைமாட்டில் வைத்துத் துணியை அவிழ்த்தாள். கூரையில் எண்ணுவதற்கு ஓடு இல்லை. முந்நூறு தறியின் சத்தம் முதலில் பக்கத்துத் தெருவுக்கும், பிறகு பக்கத்து ஊருக்கும், பிறகு யாரோ ஒரு காலத்தில் சொல்லக் கேட்ட கதைக்கும் தள்ளிப் போனது. அருக்காணி கூப்பிடாமலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கோழி மேலே ஏறாமல் விரட்டிக்கொண்டும், அடுப்பு அணையாமல் குச்சியைத் தள்ளிக்கொண்டும் இருந்தாள். அவள் எதற்கும் மன்னிப்புக் கேட்கவில்லை; கேட்டாலும் கேட்கிற நிலையில் ஆள் இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குச் சம்பூரணம் எழுந்தாள். கையை நீட்டி விரல்களைப் பார்த்தாள். பத்தும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. முகம் கழுவி, தலை சீவி, ஒரு சட்டி சோற்றையும் தின்று முடித்த பிறகு, செங்கோடன் அந்தப் பக்கம் வந்து, நிழல்துணிக்கு வெளியிலேயே வெயிலில் நின்றான்.

"உள்ள வந்துரு புள்ள," என்றான். "நல்லாத் தூங்கி எந்திரிச்சா கோவம் போயிரும்னு எல்லாரும் சொன்னாங்க."

"நானும் அப்படித்தானுங்க நெனச்சேன்," என்றாள் சம்பூரணம். குரலில் சூடே இல்லை. யோசித்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அசதியிலதான் இத்தன நாளா எனக்குக் கோவம் வராம இருந்திருக்குதுங்க."

 அவள் கைகழுவிய தண்ணீரை அடுப்பில் படாமல் ஓரமாக ஊற்றிவிட்டு, நான்கு மணி முறைக்காரர் வருவதற்காக வால்வைத் துடைக்க ஆரம்பித்தாள்.

கட்டிலுக்குக் கீழே இருந்த டியூப் முழுக்க வற்றிப்போன அந்த வாரக் கடைசியில் செங்கோடன் பட்டறையில் நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டான்.